பன்னீர் ரோஜா வாசனை

"என்ன ஓய் செல்லக்கண்ணு, இன்னிக்கும் பன்னீர் ரோஜா வாசனை ஆளைத் தூக்கறதே! யார் ஓய் அந்த மகராசி?"

தென்னூர் ஆபீசில் ஹெட்கிளார்க் வேதாந்தம் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள்.

செல்லக்கண்ணு மறுக்கவில்லை. வெட்கப்படுகிறவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். கல்யாணமாகாத அவனுக்கு எங்கோ ஒரு தொடுப்பு இருப்பதாக ஆபீசே நம்பியது. அந்தப் பேச்சு அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அப்போது வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். தலையில் முண்டாசு, ஒரு கையில் காலிப் பூக்கூடை, இன்னொரு கையில் தூக்குவாளி. கூடையிலிருந்து அதே வாசனை வந்தது.

"யார் ஓய் இது?"

செல்லக்கண்ணு பதறி எழுந்தான். "அது... அந்த வீட்டுத் தோட்டக்காரன் சார்."

கிழவர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டீங்க சார். குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"பேஷ்! சாப்பாடும் அங்கேதானா!" வேதாந்தம் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

தூக்குவாளியை வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிழவர் போய்விட்டார். செல்லக்கண்ணு பின்னாலேயே ஓடி, தெருமுனையில் அவர் கையைப் பிடித்தான். விடியற்காலையில் திருவெள்ளறைத் தோட்டத்தில் ஒன்றாகப் பூப்பறித்த முள்கீறல் இரண்டு பேர் கையிலும் இருந்தது.

"அப்பா..."

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"உள்ளே போங்க சார். யாராச்சும் பாத்துடப் போறாங்க."