மலை மாத்திரை

"மாத்திரை எதுவும் போட்டுக்கலன்னு மூணு வாட்டி சொன்னியே, அப்ப இது இன்னா?"

நர்ஸ் பிரேமலதா, தரணியின் பையிலிருந்து எடுத்த மாத்திரை அட்டையை ஆஸ்பத்திரித் தனியறைக் கட்டில்மேல் வீசினாள். சீப்புக்கும் துண்டுக்கும் நடுவே செருகியிருந்தது அது. மறுநாள் தரணிக்கு எடை குறைக்கும் ஆபரேஷன். நகரி பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்கு நாலு நடை அலைந்து வாங்கிய தேதி.

நூற்றிருபது கிலோ தரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கறாங்கல்ல! வாயில இன்னா கொழுக்கட்டையா?" கணவன் திருவேங்கடம் எகிறினான்.

மாமியார் கங்கம்மாள் முந்திக்கொண்டாள். "மலை மாத்திரைம்மா அது! ஆபரேசனுக்கு மின்ன மலையேறி சாமி பாக்கணும்னு வேண்டிக்கினா. அன்னிக்குன்னு பாத்துத் தூரம் வந்துடப்போவுதேன்னு, நாளைத் தள்ளிப்போட வாங்கிப் போட்டுக்கினா. துன்றதுக்கும் தூங்கறதுக்கும்தான் இவளுக்குப் புத்தி. நர்சம்மா கேட்டா சொல்ல வேணாம்?"

திருவேங்கடம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்கள் சமாச்சாரம்.

"அத மட்டும் மாத்திரைன்னே யாரும் சொல்ல மாட்டீங்க. பிரசாதம்னு நெனப்பு!" என்று நர்ஸ் தலையிலடித்துக்கொண்டு டாக்டரை அழைக்கப் போனாள்.

டாக்டர் சுமித்ரா வந்தார். அட்டையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தரணியைப் பார்த்தார். பிறகு அவள் கணவனை.

"எந்த மாத்திரையா இருந்தாலும் சரி, இதுல இருக்கிறது ஹார்மோன். ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும். ஏற்கெனவே கனத்த உடம்பு. ஆபரேஷன்னா அசையாம படுக்கணும். எல்லாம் சேர்ந்தா கால் நரம்புல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரல்ல போய் அடைக்கும். நிமிஷத்துல உயிர் போயிடும். நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. இதை நிறுத்திட்டு நாலு வாரம் கழிச்சு வாங்க."

"நாலு வாரமா?" திருவேங்கடத்தின் குரல் வராந்தா வரை போனது. "ரத்தம் கட்டாம இருக்கத்தான் வயித்துல ஊசி போடுவேன்னீங்க. கால்ல இறுக்கமா சாக்ஸு மாட்டுவேன், அன்னிக்கு சாயந்திரமே எழுப்பி நடக்க வெப்பேன்னீங்க. அதெல்லாம் எதுக்கு மேடம், சும்மாவா?"

"அதெல்லாம் நிச்சயமா செய்வோம். அதை நம்பி, தெரிஞ்சே இந்த மாத்திரையோட கத்தி வைக்க மாட்டேன்."

"எனக்கு அடுத்த வருசத்துக்குள்ள ஒரு வாரிசு வேணும். குண்டா இருக்கறதாலதான் நிக்கலன்னு ஊரே சொல்லிக்கினு கீது. அதுக்குத்தான் இந்த ஆபரேசனே!"

"ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் குழந்தை கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே?"

"சொன்னீங்க. அத நாங்க பாத்துக்கறோம்."

டாக்டரின் முகம் சிவந்தது. "யாரு பாத்துக்கறது? சுமக்கிறது நீங்களா?"

"எம் புள்ள கேக்கறதுல இன்னா தப்பு?" கங்கம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இவளைக் கட்டிக்கினு அவன் இன்னா சொகத்தைக் கண்டான்? வைத்தியம், வைத்தியம், வைத்தியம்! இப்ப மாத்திரைய முழுங்கி அதையும் கெடுத்தா. நல்லாத் திட்டும்மா, அப்பதான் ஒறைக்கும்."

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?" டாக்டர் கத்தியே விட்டார். வார்டில் இத்தனை சத்தமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டா, படுத்திருக்கிறது மனுஷின்னே தோணல. சார், நீங்க கீழ ஆபீசுக்குப் போய்த் தேதியை மாத்திட்டு வாங்க. போங்க!"

திருவேங்கடம் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்களும் வெளிய இருங்கம்மா. இந்தப் பொண்ணுகிட்ட நான் தனியாப் பேசணும்."

"நான் இருந்தா இன்னாவாம்?"

"நீங்க இருந்தா இவ வாயே திறக்க மாட்டா. வெளிய போங்க!"

கங்கம்மாள் கதவை நோக்கி நடந்தாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"தரணி, இது மலை மாத்திரை இல்ல. கர்ப்பம் தரிக்காம இருக்கப் போடற மாத்திரை. எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எத்தனை நாளாப் போடற? யார் வாங்கித் தர்றாங்க? உங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படறியா?"

தரணி கதவுப் பக்கமே பார்த்தாள். கண்ணீர் இறங்கியது.

கதவு மூடும் சத்தம் கேட்டது. கூடவே தாழ்ப்பாள் விழும் சத்தமும். டாக்டர் திரும்பினார். கங்கம்மாள் வெளியே போகவில்லை. உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"அவளை ஏம்மா கேக்கற? முட்டிவலித் தைலம் வாங்கறேன்னு சொல்லிட்டு, மாசாமாசம் புத்தூருக்குப் போயி வாங்கியாறவ நான்தான். அஞ்சு வருசத்துக்கு மின்ன, பிரசவத்துல வலிப்பு வந்து, கொழந்தையும் போயி, இவளைப் பொணமாட்டம் மடியில போட்டுக்கினு ஆட்டோவுல ஓடனவளும் நான்தான். இன்னொரு பிரசவம் இவ தாங்கமாட்டான்னு அந்த டாக்டருங்க சொன்னத எம் புள்ள காதுலயே போட்டுக்கல. இனிமே மாத்திரைய நிறுத்திடறேன் தாயீ. ஆனா நாலு வாரத்துக்குப் புருசன் கிட்டயே நெருங்கக்கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு, தெலுங்குல, பெரிய எழுத்தா. பெத்தவ சொன்னா கேக்காத அந்தக் கழுத, டாக்டர் எழுதனா பயப்படும்."