மண்ணரை மட்டும் வேண்டாம்

"மண்ணரைங்கிற பேரே வரக்கூடாதுங்க அம்மிணி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

காதர்பேட்டையில் தையல் மெஷின் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சாமியப்பன் இப்படிச் சொன்னதும் சித்ராதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பனியன் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, வெப்சைட் செய்து தருகிறேன் என்று இறங்கியவளுக்கு இதுதான் முதல் ஆர்டர். "ஒரு மாசத்துல புதுசா பத்துப் பேராவது கூப்பிட்டாங்கன்னா, எங்க மெக்கானிக் சங்கத்துல எல்லாத்துகிட்டயும் உங்களப் பத்திச் சொல்றனுங்க" என்று சொல்லியிருந்தார். அந்தப் பத்தில்தான் அவள் பிழைப்பே இருந்தது.

அவருடைய பழைய வெப்சைட்டைத் திறந்தால் ஒரு ஓவர்லாக் மெஷின் பம்பரமாகச் சுற்றும். பின்னால் நாதஸ்வரம் வேறு. கடைப் பேர், போன் நம்பர் எல்லாமே படத்துக்குள் இருந்தன. அப்போதெல்லாம் கூகுளுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. தேடுகிறவர் கண்ணில் எப்படிப் படும்?

சுற்றுகிற மெஷினை நிறுத்தினாள். என்னென்ன மெஷின் பார்ப்பார், எங்கெங்கே வருவார் என்று எல்லாவற்றையும் எழுத்தாகவே போட்டாள். தாராபுரம் ரோட்டில் எங்கேயோ இருக்கிற அவிநாசிபாளையம்கூட இருந்தது. மொபெட்டில் பத்து நிமிஷத்தில் போய்விடக்கூடிய, சந்துக்குச் சந்து தையல் யூனிட் இருக்கிற மண்ணரை மட்டும் கூடாதாம்!

"ஏண்ணே, அங்கேயிருந்துதானே நிறைய போன் கால் வரும்?"

"வேண்டாமுங்க. அந்தப் பேச்ச விடுங்க."

காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன? ஊரறிந்த கதைதான். சாமியப்பனிடம் ஒன்பது வருஷம் இருந்த மெக்கானிக் சோணைமுத்து, போன வருஷம் ஒரு ஸ்க்ரூ டிரைவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு போய், மண்ணரையில் தனிக்கடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

'மானாமதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஆள் சொந்தமாத் தொழில் செஞ்சா இவருக்குப் பொறுக்கல. ஏரியா பேர்கூடக் கசக்குது.' அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான். சுருக்கென்றிருந்தது.

வீம்புக்கு வைத்தியம் ஏது? ஆனால் பத்துக் கால் வேண்டுமே! வெள்ளைப் பக்கத்தின் அடியில், வெள்ளை எழுத்திலேயே 'மண்ணரை மண்ணரை' என்று பன்னிரண்டு தடவை அடித்துவைத்தாள். ஆள் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஏழில் இந்தத் தொழிலில் பலரும் செய்த தில்லாலங்கடி அது.

மாதம் முடிந்ததும் கடைக்கு வந்தாள்.

"எத்தனை கால்ண்ணே?"

"பதினாலுங்க அம்மிணி! ஆனா அதுல பதினொண்ணு மண்ணரை. எப்படித்தான் தேடிப் புடிக்கறாங்களோ, மண்ட காயுது."

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"ஆமாங்க... தையல் உட்டு உட்டு உழுகுதுங்களா? எந்த ஏரியாங்க? மண்ணரைங்களா... எனக்குத் தோதுப்படாதுங்க. அங்கியே சோணைமுத்துன்னு ஒருத்தரு இருக்கறாருங்க. என்னையவிட நல்லாப் பாப்பாரு. நம்பர் எழுதிக்கங்க."

நம்பரை எங்கேயும் பார்க்காமலே ஒப்பித்தார்.

சித்ராதேவி கேட்டாள்: "பதினொண்ணையும்... இப்படித்தான் அனுப்புனீங்களா?"

"பின்னெ? இருவது வருசமா நிக்கற பேருங்க இது. கம்ப்யூட்டர்லயும் என் பேரே மொதல்ல வந்துதுன்னா அவன எவனுங்க கூப்புடுவான்? சண்ட எங்க ரெண்டு பேருத்துக்குந்தானுங்களே. அவன் ஊட்டு அடுப்புக்கும் எனக்கும் என்னுங்க சண்ட?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. சங்கத்து ஆர்டர் போனாலும் போகட்டும் என்று வெள்ளை எழுத்து விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

 சாமியப்பன் சிரித்துவிட்டார்.

"அதத் தொடச்சுப் போடுங்க. சங்கத்துல சொல்றன்னு சொன்னா சொன்னதுதானுங்க. அதுக்கு முன்னால, அவனுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. மண்ணரைன்னு தேடுனா அவன் கடைதான் மொதல்ல வரோணும். நான் சொன்னன்னு மட்டும் சொல்லீறாதீங்க. வீம்பு புடிச்சவன், வேண்டாம்பான்."

யார் யாரை வீம்பு என்பது!

மறுநாளே மண்ணரைக்குப் போனாள். தானாகவே ஆர்டர் கேட்டு வந்தது போலப் பேச்சைத் தொடங்கினாள். சோணைமுத்து ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"வெப்சைட்டா? போட்டுரு தாயி. நாலு பேருக்குத் தெரியட்டும். ஆனா ஒண்ணு..."

"சொல்லுங்கண்ணே."

அவர் குனிந்து ஸ்க்ரூவைத் திருகினார்.

"காதர்பேட்டைங்கிற பேரு மட்டும் வரவே கூடாது."

இந்தத் தடவை சித்ராதேவி காரணம் கேட்கவில்லை.