மாரிச்செல்வியின் சத்தம்

"ஏங்க, டேங்க் ரொம்பிட்டு. மோட்டார நிப்பாட்டுங்க."

உள்ளறையிலிருந்து மாரிச்செல்வியின் குரல் வந்ததும், வாசலில் குழம்புக் கிண்ணத்தோடு நின்ற பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி சிரித்தாள்.

"மதினி சத்தம் தெனமும் கேக்குது அண்ணாச்சி. ஆளத்தான் பத்து நாளா காணும்."

"குத்தாலத்துல குளிச்சதுல சளி பிடிச்சிட்டு. படுத்துக்கெடக்கா" என்றான் மணிமுத்து.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். சூடா சாப்பிடச் சொல்லுங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

உள்ளறைக் கட்டில் காலியாகக் கிடந்தது. மேஜைமேல் லினக்ஸ் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தியதும், ஸ்பீக்கரில் அந்தக் குரலை ஒலிக்கவிட்டதும் அதில் அவன் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்கிற குட்டிக் கணினி நிரல்தான்.

"அந்த லேப்டாப்போடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, மாரிச்செல்வி சுரண்டையிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. தெருவுக்குத் தெரிய வேண்டாமே என்று, முன்பு அவள் மாடியிலிருந்தும் கடையிலிருந்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்களை வெட்டியெடுத்து, வேளைக்கு ஒன்றாகப் பேச வைத்திருந்தான். அதற்கெல்லாம் பொறுமை இருந்தது. அவளுக்கு ஒரு போன் போடத்தான் மனசு வரவில்லை.

மணி ஒன்று.

"சாப்பிட வாங்க" என்றது ஸ்பீக்கர்.

மணிமுத்து ஒற்றைத் தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டான். குழம்பை ஊற்றப் போனான்.

"ஏங்க, கதவத் தொறங்க. பை கனக்குது."

கரண்டி பாதியில் நின்றது.

அப்படி ஒரு வரி ஸ்கிரிப்டில் கிடையாது.