பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

"இந்தத் தடவை பாப்பாவுக்குத் தடுப்பூசி வலிக்கவே வலிக்காதாமே?"

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அவன் கேட்டான். சந்தோஷமாகக் கேட்க வேண்டிய கேள்வி. அவன் முகமோ தொங்கிப் போயிருந்தது.

"ஆமா, ஊசியே இல்ல. ஸ்டாம்ப் சைஸுல ஒரு பட்டை. கையில ஒட்டி அழுத்தினா, அதுல இருக்கிற பொடிப்பொடி முள்ளு தோலுக்குள்ள கரைஞ்சு மருந்து இறங்கிடும்," என்றாள் மனைவி. "நர்ஸ் வீட்டுக்கே வராங்க. உட்காருங்க."

தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

கோபித்துக்கொண்டு அவன் தனியாகப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. யார் முதலில் இறங்கி வருவது என்ற வீம்பில் இருவருமே வாய் திறக்கவில்லை. ஆனால் மகளுக்குத் தடுப்பூசி என்றால் மட்டும் அவனுக்குப் போன் வந்துவிடும். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் அந்த வாலுப் பெண்ணை மடியில் இறுக்கிப் பிடிக்க அவனால்தான் முடியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மாதக்கணக்கில் ஏங்கிக் கிடப்பான். இப்போது அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்கள். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தவளை அப்படியே கட்டிக்கொண்டான்.

"இவ்ளோ இறுக்கிப் பிடிக்காதப்பா. சும்மா கிச்சுகிச்சு மூட்டுற மாதிரிதான் இருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும், பெரிய மனுஷி?"

"காபி ஆறுது, முதல்ல குடிங்க," என்று குறுக்கே வந்தாள் மனைவி.

காபி முடிந்தது. மகளுக்குச் சொன்ன கதை முடிந்தது. விளக்கும் போட்டாகிவிட்டது. நர்ஸைக் காணோம்.

"லேட்டாகும் போல... நீங்க சாப்பிட்டுட்டே இருங்களேன்," என்றது அடுக்களைக் குரல்.

அந்த நர்ஸ் வழி தெரியாமல் எங்காவது சுற்றிக்கொண்டே இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டான்.

கை கழுவிவிட மகளின் சட்டைக் கையை மடித்தான். மணிக்கட்டுக்கு மேலே, தபால்தலை அளவில், வரிசை வரிசையாக இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

"என்னம்மா இது, கொசுக்கடியா?"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

"கொசு வரிசையில நின்னா கடிக்கும்?" மகள் சிரித்தாள். "நேத்தே ஸ்கூல்ல பட்டை ஒட்டியாச்சுப்பா. அம்மாதான் பக்கத்துல உட்கார்ந்து அழுத்திப் பிடிச்சிருந்தாங்க!"