தர்மன் சொன்ன ரைட்டு

"துண்ட இன்னும் கொஞ்சம் இழுத்து வுடுடி. கை தெரியுது பாரு."

தீபிகா அப்பாவின் வலது கையைத் துண்டால் மூடினாள். "எத்தினி நாளைக்கும்மா மூடி வெப்ப? கல்யாணத்தன்னிக்கு தெரியாதா?"

"அத அப்ப பாத்துக்கலாம். உண்மைய சொல்லித்தானே ரெண்டு எடம் கைய விட்டுப் போச்சு? இதாவது முடியட்டும்" என்றாள் காந்தா.

"ரைட்டு" என்றார் தர்மன். யார் பக்கம் பேசினார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

இருபத்தாறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போன ஆடியில், வாலாஜாபாத் தாண்டும்போது படிக்கட்டிலேயே சாய்ந்துவிட்டார். பயணி ஒருவர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிக்கெட் பையையும் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டாராம். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

பசித்தாலும் ரைட்டு. ஃபேன் போடச் சொன்னாலும் ரைட்டு. குழம்பில் உப்பு கூடினாலும் ரைட்டு. வெட்டிச் சொன்னால் ஒன்று, இழுத்துச் சொன்னால் இன்னொன்று. அந்தச் சொல்லுக்குள் இத்தனை பேச்சு இருந்ததா என்று காந்தா பின்னாளில், அவர் இல்லாத வீட்டில், பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

மாப்பிள்ளை வீடு அய்யம்பேட்டை. அதில் காந்தாவுக்கு ஒரு நிம்மதி. அந்த ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள். இவருடைய பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்கள்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வசந்த்தின் அப்பா வெங்கடேசனும் அம்மா வள்ளியும் வந்தார்கள். தர்மன் எழுந்திருக்கவில்லை. வெங்கடேசனே குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்தார். பிடித்த கையை தர்மன் விடவே இல்லை. "ரைட்டு... ரைட்டு..." என்றார். கண் கலங்கியிருந்தது.

காந்தா அவசரமாகப் பக்கத்தில் வந்தாள். "ரெண்டு நாளா சளி. கண்ணுல தண்ணியா ஊத்துது" என்றாள்.

"பனிக் காலம் இல்ல? அப்டிதான் இருக்கும்" என்று வெங்கடேசன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சித்திரையில வெச்சிக்கலாமாண்ணே?"

"ரைட்டு."

"மண்டபம்லாம் வாணாம். கச்சபேஸ்வரர் கோயில்ல தாலி, அப்புறம் சின்னதா ஒரு சாப்பாடு. இன்னா சொல்றீங்க?"

"ரைட்டு, ரைட்டு!"

காபி வந்தது. வள்ளி ஒரு வாய் குடித்துவிட்டு தர்மனைப் பார்த்தாள். "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருண்ணா?"

காந்தா வாய் திறப்பதற்குள் தர்மன் முந்திக்கொண்டார்.

"ரைட்டு."

வள்ளி புருவத்தைச் சுருக்கினாள். திடீரென்று வெங்கடேசன் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா கேட்ட போ! கண்டக்டர்கிட்ட எந்த ஊருன்னு கேட்டா இன்னா சொல்வாரு? ஏறிக்கோ, ரைட்டுன்னுவாரு!"

வள்ளியும் சிரித்தாள். காந்தா இல்லாத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "தென்னேரிப் பக்கம் அண்ணி" என்றாள்.

"இன்னொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போவணுமா? பட்டுக் கடையில நாள் பூரா நின்னுக்கினே இருக்கணுமே" என்றாள் வள்ளி.

தர்மன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற அதே பார்வை.

"ரை...ட்டு?"

வள்ளி டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லண்ணா, சும்மா கேட்டேன். அவ இஷ்டம்."

தீபிகா சமையலறைக்குள் ஓடிப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். தர்மன் இடது கையாலேயே தட்டைத் தொட்டார். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வள்ளி முன்னால் போய் வண்டியருகே நின்றாள். வெங்கடேசன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "சம்பந்தி வாயால ரைட்டுன்னு சொல்லிட்டாரு. எனக்கு அது போதும் தங்கச்சி" என்றார்.

அந்த வார்த்தை காந்தாவைக் குத்தியது. திரும்பிப் பார்த்தாள். கதவோரம் தீபிகா அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றாள் காந்தா. "அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். வலது கையும் வெளங்காது. இந்த எடமும் போயிடுமேன்னு பயந்துக்கினு... வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க. தட்ட திருப்பி வாங்கிக்கிறேன்."

வெங்கடேசன் செருப்பை உதறிவிட்டு மறுபடி படியேறினார்.

"தெரியும் தங்கச்சி. அன்னிக்கு ஷேர் ஆட்டோ கெடைக்காம அந்த பஸ்ல ஏறி, அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனவனே நான்தான். வழி பூரா அந்த ஒரு வார்த்தையதான் சொல்லிக்கினு வந்தாரு. ரைட்டுன்னு பதில் வர்ற கேள்வியா தேடித் தேடிக் கேக்கறதுக்குள்ள, இன்னிக்கு எனக்குத்தான் நாக்கு தள்ளிடுச்சு."