சுமக்காத வண்டி

"இவ்வளவு அழகான வண்டிய செய்யறத மூணே வருஷத்துல கம்பெனிக்காரனுங்க நிறுத்திட்டானுங்களே, அவனுங்க விளங்குவானுங்களா?" என்று இந்த வருடமும் மெர்வின்தான் ஆரம்பித்து வைத்தான்.

அவன்தான் எங்கள் வண்டிச் சங்கத்துக்குத் தலைவன். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அவனுக்கு உருளைக்கிழங்கு சாலட் இறங்காது.

லான்சிங் நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரைப் பூங்காவில், வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே ரகம். பாட்டன் காலத்து உருண்டை மூக்கு. பொத்தானை அழுத்தினால் மடிந்து ஒளிந்துகொள்ளும் கூரை. அதற்குப் பின்னால், பிக்கப் வண்டி என்று பெயர் சொல்ல, சாமான் ஏற்ற ஒரு சின்னத் தொட்டி. தொட்டிக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு.

"பெட்ரோல் போட்டு மாளல. யானையக் கட்டித் தீனி போடுற கதைதான்," என்றாள் ட்ரூடி. "ஆனா கூரையத் தொறந்துட்டு ஊருக்குள்ள ஒரு சுத்து வந்தேன்னா, முட்டி வலி போன இடம் தெரியல."

"காரும் இல்ல, லாரியும் இல்ல. என் மாப்பிள்ளை இத பொம்மைங்கறான்," என்றார் இன்னொருவர்.

என் வீட்டுக்காரர் ஆர்வில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வண்டியைச் செய்த ஆலையில் கதவு மாட்டியவர் அவர். ஆலையை மூடியபோது கைக்கு வந்ததைக் கொண்டுபோய் இதையே வாங்கிக்கொண்டு வந்தார். அதனால் இந்தக் கூட்டத்தில் அவர் பேச்சுக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

"இது மூட்ட தூக்குற வண்டி இல்ல," என்றார். "வேணும்னா வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்க வேண்டியதுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வாயில் இருந்த ரொட்டி கசந்தது. இதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல், இதற்கு முன்பும் அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

எங்கள் மகன் டெரிக் போன பிறகு நான் இந்தப் பக்கமே வந்ததில்லை. இன்று காலை நானும் வருகிறேன் என்றதும் ஆர்விலுக்கு அத்தனை சந்தோஷம். "பரவால்லயே, மனசு தேறிட்டியே," என்று வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். தேறினேனாம்.

சாப்பாடு முடிந்ததும் பரிசுக் கோப்பை வெளியே வந்தது.

ஒவ்வொரு கோடையிலும் இதுதான் வழக்கம். தொட்டிகளின் மூடியை ஒன்றொன்றாகத் திறப்பார்கள். மெர்வின் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அடியில் பதித்திருக்கும் மரச்சட்டங்களைத் தடவிப் பார்ப்பான். ஒரு கீறல், ஒரு கறை இருக்கக் கூடாது. எதையுமே சுமக்காத வண்டிக்குத்தான் கோப்பை. சாமான் ஏற்றச் செய்த வண்டிக்கு சாமான் ஏற்றாததற்குப் பரிசு. இந்தக் கூத்து வேறு எந்த ஊரிலாவது நடக்குமா?

பல வருடமாகக் கோப்பை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தூசி தட்டுகிறவள் நான்தான்.

ட்ரூடியின் வண்டியில் மண் கறை. போயிற்று. மாப்பிள்ளை பேச்சை எடுத்தவரின் வண்டியில் நாய் பிறாண்டியிருந்தது. அதுவும் போயிற்று.

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு," என்று சொல்லிக்கொண்டே எங்கள் வண்டியருகே வந்தான் மெர்வின்.

ஆர்வில் பூட்டைத் திறந்தார். மூடி மெல்ல எழும்பியது.

உள்ளே மூன்று இழுப்பறை வைத்த சின்ன அலமாரி ஒன்று மல்லாந்து கிடந்தது. பைன் மரம், நீல வர்ணம், ஒரு மூலை பெயர்ந்துபோனது. காலையில் அவர் குளிக்கப் போனபோது இழுப்பறைகளைத் தனியே உருவி எடுத்து, வெறும் கூட்டை நான் ஒருத்தியாகத் தூக்கி வைத்து உள்ளே தள்ளி, இழுப்பறைகளைத் திரும்பச் செருகினேன். தள்ளிய வழி நெடுக மரச்சட்டத்தில் கோடு விழுந்திருந்தது.

"யோவ் ஆர்வில், கடைசியில நீயும் சாமான் ஏத்திட்டியா?" என்று ட்ரூடி கையைத் தட்டிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. டெரிக் சாலை விபத்தில் போனான் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும்.

பிறக்கப் போகிற குழந்தைக்குத் துணி வைக்க என்று அவனே வர்ணம் அடித்த அலமாரி அது. அவன் வீடு ரொம்ப தூரம்கூட இல்லை. "ஒரே ஒரு நடைப்பா, அடியில கம்பளி விரிச்சுக்கறேன்," என்று கெஞ்சினான். இவர் அன்று சொன்ன பதிலைத்தான் சற்று முன் எல்லோரும் கேட்டார்கள். வாடகை வண்டிக்கு அலையாமல் தன் சின்னக் காரின் தலையில் அதைக் கட்டிக்கொண்டு பனித்தூறலில் கிளம்பினான். நெடுஞ்சாலையில் கயிறு அறுந்து அலமாரி கீழே விழுந்தது. அதை எடுக்க இறங்கினான்.

அலமாரிக்கு ஒரு மூலைதான் பெயர்ந்தது. போலீஸ்காரர்கள் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆர்விலின் முகம் வெளிறியது. அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இப்போதாவது அந்த நீல மரத்தை ஒரு தரம் தொடுவார் என்று நின்றேன்.

அவர் கை மரச்சட்டத்தின் கீறலுக்குப் போனது. கட்டைவிரலால் அதை அழுத்தித் தேய்த்தார். பிறகு மெர்வின் பக்கம் திரும்பினார்.

"நான் ஏத்தல மெர்வின். சத்தியமா இத நான் ஏத்தவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. மெர்வின் கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

"ஆமா மெர்வின், அதுக்கு நான் சாட்சி," என்றேன். "என் மகன் கேட்ட அன்னைக்கும் அவர் ஏத்தல."