பன்னிரண்டு பூஜ்யங்கள்

பன்னிரண்டு பேரும் பெரியக்காவுக்குப் பத்துக்குப் பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

மாணவி தாள்களை மறுபடி புரட்டிப் பார்த்தாள். தப்பே இல்லை.

தொண்டு நிறுவன நிர்வாகத்தில் முதுகலை படிக்கிறாள். எழுந்து நடக்க முடியாதவர்கள் தங்கியிருக்கும் இந்த இல்லத்துக்கு இறுதியாண்டு ஆய்வுக்காக வந்து இரண்டு மாதமாகிறது. ஒவ்வொரு பணியாளருக்கும் மதிப்பெண் போடச் சொல்லி, தங்கியிருக்கும் பன்னிரண்டு பேரிடமும் ரகசியமாகத் தாள் கொடுத்திருந்தாள். காரணம் மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் பதில் சாய்ந்துவிடும் என்பது பேராசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம்.

எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் பணியாளருக்குக்கூடப் பத்துக்குப் பத்து. பெரியக்காவுக்குத்தான் இந்தக் கதி.

பெரியக்காவின் குரல் வாசல்வரை கேட்கும். "மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கிவெச்சா எனக்குத் தெரியாதா?" என்று டிரைவரை அதட்டியதை மாணவியே கேட்டிருக்கிறாள். லாரி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்த மனிதர் அவர். யாரும் பார்க்காதபோது இவள் இன்னும் என்னென்ன செய்வாளோ என்று மாணவி நினைத்துக்கொண்டாள்.

இல்ல நிர்வாகி தயங்கினார். "பதினோரு வருஷமா இருக்காம்மா. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே?"

"கேட்டா பயந்துபோய் மாத்திச் சொல்லுவாங்க மேடம். வாயில்லாத ஜனங்க. அவங்க சொல்றதை நாமளும் கேக்கலைன்னா வேற யாரு கேப்பா?"

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் பெரியக்காவைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள்.

"பன்னெண்டு பேருமா?" என்று மட்டும் கேட்டாள் பெரியக்கா. மருந்து அலமாரிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, கட்டில்கள் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆய்வுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பயனாளிகளின் குரலுக்குக் காது கொடுப்பதுதான் தலைமை என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

ஆய்வின் பிரதி ஒன்றைக் கொடுக்க மாணவி மறுபடி இல்லத்துக்கு வந்தாள். கூடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. டிரைவரின் தட்டு எட்டாத தூரத்தில் ஆறிக் கிடந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவருக்குக் கைக்கே எட்டவில்லை. புதுப் பணியாளர் வைத்த இடம் அது.

மாணவி தட்டை நகர்த்திக் கொடுத்தாள்.

"பெரியக்கா எப்பம்மா வருவாங்க?" என்றார் டிரைவர். "லீவுன்னு சொல்லியே மூணு வாரமாச்சு."

"இனிமே வர மாட்டாங்கண்ணே, பயப்படாதீங்க. நீங்க போட்ட மார்க்கை வெச்சுத்தான் அனுப்பினாங்க."

டிரைவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போன வருஷமும் இதே மாதிரி தாள் வந்துச்சும்மா. சின்னக்கா தங்கமான பொண்ணு, எல்லாரும் பத்துக்குப் பத்து போட்டோம். நல்லா வேலை செய்றாங்கன்னு தலைமை ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பெரியக்காவையாவது எங்ககிட்டயே விட்டுவைப்பீங்கன்னுதான், எல்லாரும் பேசிவெச்சு முட்டை போட்டோம்."